ஃபாக்லாந்தில் ஆட்டுப் பண்ணைக்காரர் கவுன்சிலரும் ஆனால்

கேள்வி இது: கண்காணாத தீவு ஒன்றில் செம்மறி வளர்த்துப் பிழைக்கிற ஒருவர், அந்த நாட்டு ஆட்சி மன்றத்திலும் கவுன்சிலராக உட்கார்ந்தால் அவர் வாழ்க்கை எப்படிப் போகும்? இரண்டையும் எப்படிச் சமாளிப்பார்?

இதற்கு ஃபாக்லாந்து தீவுகளை வைத்துப் பதில் சொல்வதுதான் சரி. பல தலைமுறைகளாக இந்த இரட்டை வேலை அங்கே நடைமுறையில் இருக்கிறது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக்கில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பெரிய தீவுகளும் எழுநூற்றுச் சொச்சம் குட்டித் தீவுகளும் இருக்கின்றன. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,662. ஆடுகளோ ஏறக்குறைய 5 லட்சம். ஒரே ஊர் ஸ்டான்லி. அதைத் தாண்டியுள்ள புல்வெளி, சதுப்பு, மலை, தீவு எல்லாவற்றையும் அங்குள்ளவர்கள் 'கேம்ப்' என்பார்கள். பத்தில் ஒருவர்தான் கேம்பில் வாழ்கிறார், மற்ற எல்லோரும் ஸ்டான்லியிலோ ராணுவத் தளத்தை ஒட்டியோ இருக்கிறார்கள்.

கவுன்சிலர் என்றதும் தெருவிளக்கு, சாக்கடை என்று நினைத்துவிட வேண்டாம். பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில். வரி, பட்ஜெட், மீன்பிடி உரிமம், பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை என்று மிச்சமெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பேர் பொறுப்பு. 2009 அரசியலமைப்பு வந்தபிறகு இதற்கு சட்டப்பேரவை என்று பெயர், அதற்கு முன்பு சட்டமன்றக் கவுன்சில். இன்றும் பேச்சில் கவுன்சிலர் என்ற பெயர் போகவில்லை. எட்டு இடத்தில் ஐந்து ஸ்டான்லிக்கு, மூன்று கேம்புக்கு. கட்சி எதுவும் கிடையாது, எல்லோரும் சுயேச்சைகள். கேம்பில் நூற்றைச் சுற்றி வாக்கு வாங்கினாலே ஜெயித்துவிடலாம். அதாவது, வாக்களித்தவர் ஒவ்வொருவரையும் அவருடைய நாயின் பெயரோடு சேர்த்து உறுப்பினருக்குத் தெரியும்.

அந்த மூன்று இடங்களில் யார் உட்கார்ந்தார்கள் என்பது நிலம் யாரிடம் இருந்தது என்பதைப் பொறுத்தே மாறி வந்திருக்கிறது. அதனால் நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1840களில் சாமுவேல் லஃபோன் என்ற வணிகர் கிழக்குத் தீவின் தென்பாதியில் காட்டு மாடு பிடிக்க ஒப்பந்தம் போட்டார். அந்தப் பகுதிக்கு லஃபோனியா என்ற பெயர் அவரால் வந்ததுதான். சில வருஷத்தில் அது ஃபாக்லாந்து ஐலண்ட்ஸ் கம்பெனி கைக்குப் போனது. 1860களிலிருந்து மாடு குறைந்து செம்மறி பெருகியது. பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் அங்கே நடந்தது கம்பளிப் பொருளாதாரம் ஒன்றுதான். பெரும்பாலான நிலம் லண்டனில் இருந்த முதலாளிகளுடையது, அதில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரே கம்பெனிக்கு. பண்ணையை நடத்த மேனேஜர் ஒருவர், அவருக்குக் கீழே மேய்ப்பர்கள். மேய்ப்பருக்கு வீடு உண்டு, இறைச்சி உண்டு, எரிக்கக் கரிமண் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வயதாகி வேலை போனால் வீடும் போகும், மூட்டை கட்டி ஸ்டான்லிக்குப் போக வேண்டியதுதான். ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்று நினைத்தாலும் விற்க ஆளில்லை.

ஆட்சி மன்றத்துக்கு முதல் தேர்தல் 1949இல்தான் நடந்தது. அதற்கு முன்பு கவர்னர் கைகாட்டியவர்தான் உறுப்பினர். தேர்தல் வந்த பிறகும் கேம்பின் குரலாகப் போனவர்களில் பெரும்பாலோர் மேனேஜர்களும் நில உரிமையாளர்களுமே. மேய்ப்பர் நிற்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வீடும் சம்பளமும் ஒரே ஆள் கையில் இருக்கும்போது அந்த ஆளை எதிர்த்து மேடையேற எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அதே சமயம் அந்த மேனேஜர்களைக் கம்பெனிக் கைப்பாவை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1968 பிப்ரவரியில், பிரிட்டன் ஆளும் இந்தத் தீவுகளை, அவை தனக்கே சொந்தம் என்று உரிமை கோரிவந்த அர்ஜென்டினாவிடம் ஒப்படைக்க லண்டன் ரகசியமாகப் பேசுகிறது என்று தெரிந்ததும், கவர்னர் தலைமையில் கூடும் நிர்வாகக் கவுன்சிலில் இருந்த உள்ளூர் உறுப்பினர்கள் நான்கு பேர் பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்கு நேராகக் கடிதம் எழுதிவிட்டார்கள். அப்புறம் லண்டனில் ஆதரவுக் குழு உருவாகி, விஷயம் நாடாளுமன்றத்தில் வெடித்து, பேச்சு கிடப்பில் போனது. ஒரு வல்லரசின் வெளியுறவு அமைச்சகத்தை ஒரு கடிதம் தடுமாற வைத்தது.

மாற்றத்துக்கு வழி போட்டது 1976இல் வந்த ஷேக்கில்டன் பிரபுவின் பொருளாதார அறிக்கை. தீவில் சம்பாதித்த லாபம் தீவில் தங்காமல் வெளியே போகிறது, பெரிய பண்ணைகளைப் பிரித்து அங்கேயே வாழ்பவர்களுக்குக் கொடுங்கள் என்று அது சொன்னது. 1980இல் கிரீன் பேட்ச் பண்ணை ஆறாகப் பிரிந்தது. 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த போருக்குப் பிறகு வேகம் கூடி, மூன்று டஜன் அளவில் இருந்த பண்ணைகள் எண்பதைத் தாண்டின. நேற்றுவரை மேய்ப்பராக இருந்தவர் இன்று கடன் வாங்கிய பண்ணைக்கு முதலாளி. என்னைக் கேட்டால், ஃபாக்லாந்து அரசியலில் நடந்த உண்மையான புரட்சி இதுதான். 1985 அரசியலமைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சொந்த வீட்டில் படுத்துத் தூங்குகிற வாக்காளர் கிடைத்த பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது என்பேன்.

சரி, அந்தப் பண்ணை வாழ்க்கை எப்படி?

காலண்டர் நமக்குத் தலைகீழ். மே மாதம் பொலிகிடாக்களைப் பெட்டைகளோடு விடுவார்கள். அக்டோபரில் குட்டி ஈனும். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பிரசவம் பார்ப்பதில்லை. ஓர் ஆட்டுக்கு ஏறக்குறைய ஐந்து ஏக்கர் என்ற கணக்கில் பரந்து கிடக்கும் நிலத்தில் அது நடக்காது. பிழைப்பது பிழைக்கும், மற்றதைக் கழுகும் கடற்பறவையும் பார்த்துக்கொள்ளும். கோடை தொடங்கும்போது குட்டிகளைத் திரட்டி வால் நறுக்கி, காதில் பண்ணை அடையாளம் வெட்டி, வேண்டாத கிடாக்களுக்குக் காயடிப்பார்கள். காயடித்த கிடா அங்கே வீண் இல்லை. கம்பளிக்காகவே பல வருஷம் அதை வைத்திருப்பார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கம்பளி கத்தரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஆடு ஓட்டிச் சேர்ப்பது. இருட்டோடு கிளம்பி, ஒரு காலத்தில் குதிரையில், இப்போது மோட்டார் சைக்கிளில், ஆளுக்கு ஆள் வெகுதூரம் இடைவெளி விட்டு ஒரே வரிசையாக நகர்வார்கள். ஒவ்வொருவரிடமும் நான்கைந்து நாய். சீழ்க்கைக்குச் சீழ்க்கை நாயின் திசை மாறும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் சீழ்க்கை நாய்க்குக் கேட்காது, அங்கே காற்று அடிக்காத நாள் அபூர்வம். சிதறிக் கிடந்த ஆடுகள் பத்து, நூறு, ஆயிரம் என்று சேர்ந்து வேலி மூலையை நோக்கி ஒழுகி வரும். மாலைக்குள் கொட்டகைக்குள் அடைத்துவிட வேண்டும். ஈரக் கம்பளியைக் கத்தரிக்க முடியாது என்பதால் இரவு மழை வந்தாலும் நனையாதபடி உள்ளே வைப்பார்கள்.

காலையில் கத்தரிப்போர் குழு இறங்கும். பண்ணை பண்ணையாகப் போகிற ஒப்பந்த ஆட்கள் இவர்கள். ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்து முதுகைத் தன் முழங்கால்களுக்கு இடையில் சாய்த்துக்கொண்டு, வயிற்றில் தொடங்கி ஒரே துண்டாகக் கம்பளியை உரித்து எடுப்பார்கள். தேர்ந்த கை ஒரு நாளில் இருநூறுக்கு மேல் முடிக்கும். கம்பளியை மேசையில் வீசி விரித்து, சாணி ஒட்டிய ஓரங்களைப் பிய்த்து எறிந்து, தரம் பிரித்து, அழுத்தி, பேல் கட்டி, பண்ணையின் பெயரை அச்சுக் குத்துவார்கள். நடுவில் 'ஸ்மோகோ' என்ற தேநீர் இடைவேளை. அந்த மேசையில் எத்தனை வகை கேக் இருக்கிறது என்பதில் பண்ணை வீட்டுக்காரியின் மானமே இருக்கிறது. எல்லாம் முடிந்து வெற்றுடம்போடு ஆட்டை வெளியே விட்ட அன்று இரவு குளிர்மழை பிடித்துக்கொண்டால் போச்சு. காலையில் பள்ளத்துக்குப் பள்ளம் செத்துக் கிடக்கும். ஒரு கவுன்சிலர் கூட்டத்தில் உட்கார்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சாப்பாடு ஆட்டுக்கறிதான். வருஷம் முழுக்க அதே என்பதால் அதற்கு 'முந்நூற்று அறுபத்தைந்து' என்றே செல்லப்பெயர். மரம் அபூர்வம், அடுப்புக்குக் கரிமண்தான் விறகு. கோடையில் வெட்டிக் காயவைத்து அடுக்காவிட்டால் குளிர்காலத்தில் வீடு சூடாகாது. டீசலும் காற்றாலையும் வந்தபிறகு இந்த வேலை பெரும்பாலும் ஒழிந்தது.

தனிமையைச் சமாளிக்க அவர்கள் வைத்திருந்த ஏற்பாடுகள் எனக்குப் பிடித்த பகுதி. 1950களிலிருந்து பண்ணைதோறும் ரேடியோ டெலிபோன் இருந்தது. காலையில் குறிப்பிட்ட நேரத்தில் ஸ்டான்லி டாக்டர் ஒவ்வொரு பண்ணையாகக் கூப்பிட்டு நோயை விசாரிப்பார். நோயாளி வாய்திறந்து சொல்ல வேண்டும், மொத்தக் கேம்பும் கேட்டுக்கொண்டிருக்கும். பண்ணையில் இருக்கும் மருந்துப் பெட்டியிலிருந்து எதை எடுத்துச் சாப்பிடு என்று டாக்டர் சொல்வார். யாருக்கு மூலம், யாருக்கு மாதவிலக்குக் கோளாறு என்பதெல்லாம் ஊர்ச்சொத்து. பிள்ளைகளுக்குச் சுற்றி வரும் ஆசிரியர் இருந்தார். அவர் ஒரு பண்ணையில் சில நாள் தங்கிப் பாடம் நடத்திவிட்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். இடைப்பட்ட காலத்துக்கு ரேடியோ வகுப்பு. பெரிய வகுப்புக்குப் போனதும் பிள்ளை ஸ்டான்லி விடுதிக்கு.

அப்புறம் விமானம். அரசு விமான சேவை 1948 டிசம்பரில் தொடங்கியபோது அதன் முதல் வேலையே நார்த் ஆர்ம் என்ற பண்ணையிலிருந்து வயிற்று நோயால் துடித்த ஒரு சிறுமியைத் தூக்கி வருவதுதான். இன்று பறப்பது சின்னச் சிவப்பு ஐலண்டர் விமானம். நேர அட்டவணை கிடையாது. நாளைக்கு யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்து வழியைத் தீர்மானித்து, முந்தின மாலை ரேடியோவில் பெயரோடு வாசிப்பார்கள். ஓடுபாதை என்பது பண்ணைக்காரரின் புல்வெளி. விமானம் வரும்போது ஆட்டை விரட்டிவிட்டு, தீயணைப்புக் கருவியை லேண்ட் ரோவரில் மாட்டிக்கொண்டு நிற்பவரும் அவரே.

மேற்குத் தீவுக் கவுன்சிலர் கூட்டத்துக்குப் போவதும் இதே விமானத்தில்தான். பனிமூட்டம் என்றால் பயணம் இல்லை. ஸ்டான்லியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். பேரவை கூடுவது டவுன் ஹாலில் உள்ள ஒரு அறையில், அதே அறைதான் நீதிமன்றமும். எட்டுப் பேரும் துறைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களில் மூன்று பேரை நிர்வாகக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுப்பார்கள், அதற்குத் தலைமை கவர்னர். கூட்டத்தைவிடக் கஷ்டம், அதற்கு முன் வந்துசேரும் காகிதக் கட்டு. பகலெல்லாம் வேலி கட்டிவிட்டு இரவில் மீன்வளச் சட்டத் திருத்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பல வருஷம் இதற்குச் சம்பளம் என்று சொல்லத்தக்க தொகை இல்லை, படிதான். அவர் ஊரில் இல்லாத நாட்களில் பண்ணையை ஓட்டியவர் மனைவி. கவுன்சிலரின் வாழ்க்கை என்று எழுதுகிற யாரும் அந்த அம்மாவின் பெயரை எழுதுவதில்லை.

ரகசியமும் எதிரியும் வைத்துக்கொள்ள முடியாத அரசியல் இது. சாலை உங்கள் பண்ணை வழியாகப் போகுமா, பக்கத்துப் பண்ணை வழியாகவா என்று முடிவு செய்யும் அறையில் நீங்கள் இருக்கிறீர்கள். சொந்த நலன் இருந்தால் அறிவித்துவிட்டு விலக வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான் மாமன் என்ற ஊரில் விலகிக்கொண்டே போனால் அறையில் யார் மிஞ்சுவார்? இன்னொரு வேடிக்கை: கம்பெனி 1991இல் தன் பண்ணைகளை அரசுக்கு விற்றது. கூஸ் கிரீன், நார்த் ஆர்ம் போன்றவை இன்று அரசு நிறுவனத்தின் கீழ். ஆக, நாட்டிலேயே பெரிய ஆட்டு மந்தைக்கு மறைமுக முதலாளியும் கவுன்சிலர்கள்தான். தன் சிறு பண்ணைக்குப் போட்டியான பெரும் பண்ணையின் வரவுசெலவையும் அவரே பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் இரண்டு பெரிய விஷயம் நடந்தது. 1986இல் மீன்பிடி எல்லை அறிவிக்கப்பட்டு, 1987 பிப்ரவரி முதல் கணவாய் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் விற்கத் தொடங்கினார்கள். அரசு வருமானம் பல மடங்கு எகிறியது. நான்கு வருஷத்தில் எதிர்த்திசை அடி. ஆஸ்திரேலியா தன் கம்பளிக் குறைந்தபட்ச விலைத் திட்டத்தை 1991இல் கைவிட்டதும் உலகச் சந்தை சரிந்தது. அப்போதுதான் கடன் வாங்கிப் பண்ணை வாங்கியவர்கள் கழுத்தளவில் மாட்டினார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்தியது கணவாய்ப் பணம். சாலை, மைக்ரோவேவ் தொலைபேசி, காற்றாலை மானியம், 2000களில் ஏற்றுமதித் தரத்தில் ஒரு இறைச்சிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. முன்பெல்லாம் பல் போன கிழட்டு ஆட்டை வெட்டிக் கடற்கரையில் பறவைக்கு வீசுவார்கள், வாங்க ஆளில்லை. இறைச்சிக்கூடம் வந்தபிறகு அதற்கும் விலை உண்டு. பொருளாதாரத்தில் ஆட்டின் பங்கு இன்று மிகச் சிறியது. கேம்ப் உறுப்பினர் மானியம் கேட்கும்போது ஸ்டான்லி உறுப்பினர் அந்தக் கணக்கை நினைவூட்டத் தயங்குவதில்லை.

இவ்வளவும் உள்ளூர் வேலை. இதற்கு மேல் எந்த ஊர்ப் பண்ணைக்காரருக்கும் இல்லாத ஒரு சுமை உண்டு, அது நாட்டின் இறையாண்மை. 1980 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி வந்து, உரிமையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு நீண்ட குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். 1981 ஜனவரியில் கவுன்சில் தீர்மானம் போட்டது: இந்த யோசனைகள் எதுவும் எங்களுக்குப் பிடிக்கவில்லை, பேசுவதானால் நாங்களும் கூட இருப்போம், உரிமைப் பிரச்சினையைக் குறிப்பிட்ட காலத்துக்கு உறையவையுங்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டினா படை வந்து இறங்கியது. கூஸ் கிரீனில் நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட பண்ணை மக்களை ஏறக்குறைய ஒரு மாதம் சமூகக்கூடத்தில் அடைத்து வைத்தார்கள். பிரிட்டிஷ் துருப்பு சான் கார்லோஸில் இறங்கியதும் பண்ணைக்காரர்கள் டிராக்டரும் லேண்ட் ரோவருமாக வந்து இருட்டில் வெடிபொருள் சுமந்தார்கள். புதைத்த கண்ணிவெடிகளில் கடைசியை எடுத்து முடித்தது 2020 நவம்பரில்தான். அதை எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வேக்காரர்கள்.

போருக்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் நியூயார்க்கில் கூடும் ஐ.நா. காலனிய ஒழிப்புக் குழுவின் முன் கவுன்சிலர்கள் போய்ப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எதிரே அர்ஜென்டினா வெளியுறவுத் துறை அமர்ந்திருக்கும். ஐந்தாறு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், எங்களை வந்தேறிகள் என்று சொல்ல வேண்டாம் என்று இவர்கள் சொல்வார்கள். குழு அதைக் கேட்டுவிட்டு, இரு நாடுகளும் பேசித் தீர்க்கட்டும் என்று வழக்கமான தீர்மானத்தை நிறைவேற்றும். 2013இல் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள், பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியாகத் தொடர வேண்டாம் என்று சொன்னவர்கள் மூன்றே பேர். குழுவின் தீர்மானம் அதற்கும் மாறவில்லை. என் பார்வையில் இந்தப் பயணத்தின் பயன் தீர்மானத்தில் இல்லை. அர்ஜென்டினா தரப்பு வரைபடத்தை வைத்துப் பேசும்போது, அந்த வரைபடத்தில் வீடு உள்ள ஒரு ஆளும் அறையில் இருக்கிறார், அவ்வளவுதான்.

2013 தேர்தலிலிருந்து உறுப்பினர் பதவி முழுநேரச் சம்பள வேலை. வேலைப்பளுவைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் நிஜமாக ஆடு மேய்க்கிற ஆளுக்கு இது சங்கடம். பண்ணையை மகனிடமோ குத்தகைக்கோ விட வேண்டும், இல்லையென்றால் நிற்கக் கூடாது. விளைவாக, கேம்பின் உறுப்பினர் கேம்பிலேயே வாழ வேண்டுமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தொகுதிப் பிரிவே வேண்டாம், முழு நாடும் ஒரே தொகுதியாக இருக்கட்டும் என்ற யோசனை 2001, 2011, 2020 என்று மூன்று முறை வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எண்ணிக்கைப்படி பார்த்தால் பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு எட்டில் மூன்று இடம் அதிகம். 1985இல் நான்குக்கு நான்கு என்று இருந்ததை 1990களில்தான் ஐந்துக்கு மூன்றாகக் குறைத்தார்கள். நான் கேம்ப்காரர்கள் பக்கம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து இடம் கொடுத்தால் கேம்புக்கு ஓர் உறுப்பினர்தான் மிஞ்சுவார். சாலை, படகு, விமானம் பற்றிய எந்த வாக்கெடுப்பிலும் ஒற்றை ஆளால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பேர் இருந்தால் ஸ்டான்லியிலிருந்து இரண்டு பேரைச் சம்மதிக்க வைத்தாலே பெரும்பான்மை வந்துவிடும்.

2009 முதல் 2021 வரை நான்கு பொதுத்தேர்தலும் நவம்பரில்தான் வந்தன, அதாவது கத்தரிப்பு தொடங்கும் நேரத்தில். தூரப் பண்ணைகளுக்கு வாக்குப்பெட்டியை விமானத்திலும் லேண்ட் ரோவரிலும் கொண்டுபோகிறார்கள். வேட்பாளர் கொட்டகைக்கு வாக்குக் கேட்டுப் போனால், சும்மா நிற்காமல் கம்பளி மேசையில் ஒரு கை கொடுப்பது நல்லது.